வரும் என்பதும் வந்துவிட்டது என்பதும்

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்திக்குக் கீழே என் நம்பர் அச்சாவதால் இப்படி அழைப்புகள் வருவது வழக்கம்தான். பாராட்டு என்றால் சாவகாசமாகச் சாயங்காலம் வரும். திட்டு என்றால் காலையிலேயே வந்துவிடும்.

இது இரண்டும் இல்லை.

அரியலூரிலிருந்து பேசுவதாகச் சொன்னார் அந்தப் பெண். மலர்க்கொடி என்று வைத்துக்கொள்ளுங்கள் – அவர்கள் கேட்டுக்கொண்டபடி எல்லோருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். டெய்லர் கடை வைத்திருக்கிறார். குரலில் கோபம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோல நிதானமாகக் கேட்டார்.

"டிரைவர் இல்லாத லாரி வந்துடுச்சுன்னு எழுதியிருந்தீங்களே... அது நெசமா சார்?"

எழுதியிருந்தேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஆளே இல்லாத ஒரு பெரிய லாரி கல் ஏற்றிக்கொண்டு, வளைவில் அழகாகத் திரும்பி, சொன்ன இடத்தில் கொட்டிவிட்டு வரும் வீடியோ ஒன்றைப் போனில் பார்த்தேன். பார்த்த வேகத்தில் எழுதினேன். 'லாரி டிரைவர் என்றொரு உத்தியோகம் இருந்தது என்பதை இனி நம் பிள்ளைகள் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்வார்கள்' என்று முடித்திருந்தேன். பிரமாதமான முடிவு என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டதும் உண்டு.

ஏன் கேட்கிறீர்கள் என்றேன். சொன்னார்.

அவருடைய தம்பி செந்திலுக்கு முப்பத்தொரு வயது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப்போகும் டிப்பர் லாரி ஓட்டுகிறார். வேப்பந்தட்டையில் ஒரு பெண் அமைந்தது. பெயர் கவிதா. பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். இரண்டு வீட்டாருக்கும் பிடித்துப்போனது. நிச்சயத்துக்குத் தேதி குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் பெண்ணின் அப்பா என் பத்தியைப் படித்துவிட்டார். படித்துவிட்டு, ஒரு வருஷம் போகட்டும், லாரித் தொழில் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டு முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டாராம்.

"நெசம்னா நெசம்னு சொல்லுங்க சார். தம்பிய வேற தொழில் பாக்கச் சொல்றோம். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. ஏதாச்சும் ஒண்ணு தெரிஞ்சா போதும்" என்றார் மலர்க்கொடி.

விசாரித்துவிட்டு இரண்டு நாளில் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். விசாரித்துவிட்டு... எழுதிய பிறகு!

இத்தனை வருஷமாக எழுதுகிறேன். 'அது நிஜமா?' என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நன்றாக இருந்தது என்பார்கள், நன்றாக இல்லை என்பார்கள். நிஜமா என்று கேட்க, அதை நம்பி ஏதாவது செய்ய வேண்டிய ஒருவர் வேண்டும் போலிருக்கிறது.

அன்றைக்கு வேறு வேலை எதுவும் ஓடவில்லை. அந்த வீடியோவைத் தேடிப் பிடித்தேன். நாற்பது விநாடி. பின்னணியில் மேளம் அதிர ஒரு இசை. கீழே நூற்றுக்கணக்கில் கருத்துகள். டிரைவர்கள் கதை முடிந்தது என்று ஒரு கூட்டம். எல்லாம் கிராபிக்ஸ், ஏமாறாதீர்கள் என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் முட்டாள் என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரே ஒருவர், 'இது எந்த ஊர்?' என்று கேட்டிருந்தார். அவருக்கு மட்டும் யாருமே பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொண்டேன். மகளின் உதவியோடு ஒரு மதியம் முழுக்கத் தேடினோம். கடைசியில் மூல வீடியோ கிடைத்தது. நான்கு நிமிடம் ஓடக்கூடியது. அந்த லாரியைத் தயாரித்து விற்கிற நிறுவனமே எடுத்தது. ஒரு வெளிநாட்டில், வேலி போட்ட ஒரு சுரங்கத்துக்குள், அதற்கென்றே போட்ட பாதையில் ஓடுகிறது. வேறு வண்டி எதுவும் குறுக்கே வரக்கூடாது. தூரத்தில் ஒரு அறையில் ஆட்கள் உட்கார்ந்து திரையில் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இவ்வளவும் அந்த நிறுவனமே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறது. நறுக்கிப் போட்டவர் அந்த மூன்று சொச்சம் நிமிடத்தை விட்டுவிட்டார். நான் அதைத் தேடவே இல்லை.

இன்னொன்று. அந்த வீடியோ பழசு. அதில் வந்து பேசுகிற அதிகாரி, இன்னும் இரண்டே வருஷத்தில் எல்லா ரோட்டிலும் இது ஓடும் என்கிறார். அவர் சொன்ன இரண்டு வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது. எந்த ரோட்டில் ஓடுகிறது என்று தேடினேன்... கிடைக்கவில்லை.

வெளிநாடுகளில் சில சுரங்கங்களுக்குள் இப்படி ஓடுவது உண்மைதான். நம்மூர் ரோட்டுக்கு எப்போது வரும், வருமா என்பது தெரியாது. இதுதான் நிலவரம். இதை வைத்துக்கொண்டு அந்த அம்மாவுக்கு நிஜம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா?

போனில் சொல்லத் தயக்கமாக இருந்தது. பஸ் ஏறி அரியலூருக்கே போனேன்.

காலையில் பள்ளிக்கூடம் கூடும் நேரத்தில் லாரிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். வெள்ளைப் புழுதி படிந்த டிப்பர்கள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வரிசையாக நின்றன. அக்கா போனில் சொல்லி வைத்திருந்ததால் செந்தில் இறங்கி வந்து, வண்டியில் ஏறி உட்காரலாமே, வெயிலுக்கு நல்லது என்றார். ஏறுவதற்கே கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. டிரைவர்களைப் பற்றி அப்படி எழுதியவன், ஒரு டிப்பருக்குள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

நான் தேடிக் கண்டதையெல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் பேசியதே வேறு. வண்டியில் ஜிபிஎஸ் மாட்டியபோதும் இப்படித்தான், இனி டிரைவர் பொம்மைதான் என்று பேசினார்களாம். பொம்மை ஆகவில்லை. ஆனால் எங்கே எவ்வளவு நேரம் வண்டி நின்றது என்று ஆபீஸில் இருந்தே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்றுமே மாறவில்லை என்றும் சொல்ல முடியாது, எல்லாம் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது என்றார். என் பத்தியின் கடைசி வரியை யாரோ டிரைவர்கள் குரூப்பில் போட்டுவிட்டார்களாம். அதிலிருந்து கூட ஓட்டுகிறவர்கள் இவரைப் 'புத்தகம்' என்று கூப்பிடுகிறார்கள். கல்யாணம் தள்ளிப்போன விஷயமும் அவர்களுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஸ்டியரிங்கில் கை வைத்தபடி சொன்னார்:

"வராதுன்னு நான் சொல்லல சார். வரட்டும், அப்ப என்னா பண்றதுன்னு பாத்துக்குவோம். ஆனா வரும்னு எழுதறது வேற, வந்துடுச்சுன்னு எழுதறது வேற இல்லீங்களா?"

ஆமாம் என்றேன்.

வரிசை நகர ஆரம்பித்தது. என்னை மலர்க்கொடியின் கடைக்குப் போகும் ரோட்டில் இறக்கிவிட்டார். கடையில் மெஷினை நிறுத்திவிட்டு அந்த அம்மாவும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வேப்பந்தட்டைக்குப் போய்ப் பெண்ணின் அப்பாவிடம் நானே பேசுகிறேன் என்றேன். கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"அங்க போறப்ப... வரவே வராதுன்னு சொல்லிடுங்களேன் சார். நீங்க சொன்னா நம்புவாரு."

பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ரோட்டில் இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு, வேப்பந்தட்டைக்குப் போகும் ஆத்தூர் ரோட்டில் கிளம்பினேன். மக்காச்சோள அறுவடை முடிந்த சமயம். வழி நெடுக ரோட்டின் பாதியில் சோளத்தைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். எதிரே வந்த பஸ் டிரைவர் சோளத்தின் மேல் ஏறாமல், என்னையும் இடிக்காமல், ஒரு ஓரமாக ஒதுங்கிக் கையைக் காட்டிவிட்டுப் போனார். 'இந்த ரோட்டில் எந்த மெஷின் வந்தாலும் செல்லாது' என்று உடனே ஒரு வரி மனசுக்குள் ஓடியது. கைதட்டல் வாங்கும் வரி. ஆனால், அதுவும் நாற்பது விநாடிச் சரக்குதானே? சோளத்தைப் பார்த்த வேகத்தில் வந்தது. போன தடவை லாரியைப் பார்த்த வேகத்தில் வந்தது.

பெண்ணின் அப்பா ராஜமாணிக்கம் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வருவதாகச் சொன்னதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து என்னைக் காட்டினார். பிறகு ஒரு ஃபைலை எடுத்து வந்தார். ஆறேழு வருஷத்துப் பத்திகள், வெட்டி, ஒட்டி, வரிசையாக. சில இடங்களில் சிவப்பு மையில் கோடு. லாரிப் பத்தி மேலாகவே இருந்தது. அதில் கோடு போடாத வரியே இல்லை.

ஒரு எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைப்பீர்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது.

சொன்னேன். நாற்பது விநாடி பார்த்துவிட்டு எழுதினேன், எங்கே எடுத்தது என்றுகூடப் பார்க்கவில்லை, 'வந்துவிட்டது' என்று நான் எழுதியது தப்பு. ராஜமாணிக்கம் ஃபைலை மெல்ல மூடினார்.

"நீங்க பாத்துதான் எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன் சார்."

திட்டியிருந்தால் தேவலை.

அப்படியென்றால் வரவே வராதா என்று கேட்டார். மலர்க்கொடி வாசலில் நின்றது கண்முன் வந்தது. வராது என்ற ஒரு சொல். சொல்லிவிட்டால் ஒரு கல்யாணம் நடந்துவிடும். நல்ல காரியத்துக்குத்தானே? அடுத்த வருஷமே ஏதாவது வந்துவிட்டால் மட்டும் யார் என்னைக் கேட்கப்போகிறார்கள்?

அவர் கேட்பார். கோடு போட்டு வைத்துக்கொண்டு கேட்பார்.

தெரியாது என்றேன். தெரிந்தவரைக்கும் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு படித்தவர், ஊரெல்லாம் விசாரித்தவர், வரும் என்றோ வராது என்றோ ஒன்றைச் சொன்னால்தானே ஒரு தகப்பன் முடிவெடுக்க முடியும் என்று குறைப்பட்டுக்கொண்டார். நியாயம்தான்.

அதுவரை உள்ளே இருந்த கவிதா வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அப்பா, லேப் வேலையெல்லாம் இனிமே மெஷினே பாத்துக்கும், ஆளே வேணாம்னு வாரத்துக்கு ஒரு வீடியோ எனக்கும்தான் வருது. அதைப் பாத்துட்டு அரியலூர்க்காரங்க இந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லியிருந்தாங்கன்னா நீங்க ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

ராஜமாணிக்கம் மூடிய ஃபைலை மேஜையில் தள்ளி வைத்தார்.

"நான் அவருகிட்டயே போன்ல கேட்டேன். வேலை போயிட்டா என்ன பண்ணுவீங்கன்னு. இப்ப தெரியலங்க, ஆனா சும்மா ஒக்காந்திருக்க மாட்டேன்னாரு. அதைப் பண்ணுவேன், இதைப் பண்ணுவேன்னு பெருசா ஏதாச்சும் சொல்லியிருந்தார்னா நானே யோசிச்சிருப்பேன்."

அந்த வீட்டில் அதற்குமேல் நான் பேச வேண்டியது எதுவும் இருக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் ராஜமாணிக்கம். சாப்பிடும்போது லாரியைப் பற்றியும் பேசவில்லை, கல்யாணத்தைப் பற்றியும் பேசவில்லை. சின்ன வெங்காயம் விலையைப் பற்றிப் பேசினோம். அதில் எங்கள் இருவருக்குமே நிறையத் தெரிந்திருந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் அனுப்பினார்.

வியாழக்கிழமை மலர்க்கொடியிடமிருந்து போன். வேப்பந்தட்டையிலிருந்து ஆட்கள் வந்தார்களாம். மாசி மாதம் நிச்சயம், வைகாசியில் கல்யாணம். நான் அவசியம் வர வேண்டும் என்றார். வரவே வராது என்று நான் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாது என்று சொல்லியும் பெண் கொடுக்கிறார்கள் என்றால் நல்ல மனுஷங்கதான் என்றார்.

எனக்கு ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. மலர்க்கொடி போன் செய்ததால் இந்த ஒரு வீடு தெரிந்தது. அந்தப் பத்தியைப் படித்துவிட்டு வேறு யார் யார் என்னென்ன முடிவெடுத்தார்களோ... ஐடிஐயில் வண்டி மெக்கானிக் படிக்க இருந்த பையனை வேண்டாம் என்று தடுத்தவர் யாரோ, லைசென்ஸ் எடுக்கப் போய்ப் பாதியில் திரும்பி வந்தவர் யாரோ. அவர்களெல்லாம் போன் செய்யவில்லை. ஆச்சரியத்தைப் பரப்புவது அத்தனை சுலபமாக இருக்கிறது. திரும்பப் பெற ஒவ்வொரு வீடாகப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

அதனால்தான் இந்த வாரம் இதுவரை உள்ளதை எழுதி அனுப்பினேன். பத்திரிகை ஆபீஸிலிருந்து உதவி ஆசிரியர் அழைத்தார். நல்ல பெண்மணி, பத்து வருஷப் பழக்கம். தலைப்பு ரொம்பச் சாதுவாக இருக்கிறது, 'டிரைவர் இல்லாத லாரி: அம்பலமானது புரளி' என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

புரளி இல்லையே, எங்கோ ஓடுகிறது, இங்கே இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் செய்தி என்றேன்.

"அதை யாரு சார் படிப்பாங்க?" என்றார்.

இவ்வளவு தூரம் படித்துவிட்ட நீங்கள்தான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.