பெயர் அழிந்த ராஜா விடுவித்த டெட்டா

என் அப்பாவுக்கு மூத்தவர் லுல்லா. அவர் கட்டியவள் டெட்டா, எனக்குப் பெரியம்மா. அவளைப் பற்றிச் சொல்ல வந்தால் அவளுடைய பயத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். புருஷனைவிட அதுதான் அவளோடு அதிக காலம் குடித்தனம் நடத்தியது.

ராஜாவின் பண்ணையில் அடிமையாகப் பிறந்தவள். பாலாடைக்கட்டி பிழிகிற வேலை. ஓஸ்லாஃப் ராஜாவான வசந்தத்தில் பண்ணைக்கு வந்து, அவளை நாற்சந்தியில் நிறுத்தி, "நாலு வழியும் திறந்திருக்கு, இஷ்டப்பட்ட பக்கம் போ" என்று விடுவித்தான். அவள் போன வழி எங்கள் வீட்டுக்கு வந்தது. கட்டி வாங்குகிற சாக்கில் பெரியப்பா ஏற்கெனவே அந்த வழியைத் தேய்த்து வைத்திருந்தார்.

ஓஸ்லாஃப் ஒரு அறுவடைதான் பார்த்தான். குளிர் தொடங்கும்போது ஹெரெபால்ட் என்பவன் அவனை ஆற்றங்கரையில் வெட்டிப்போட்டு ராஜா இருக்கையில் ஏறினான். கொன்றதோடு விடவில்லை. எங்கள் ராஜாக்களின் அப்பன் பாட்டன் பேரையெல்லாம் வோடன் சாமி வரைக்கும் பாடுகிற பாடகன், அடுத்த விருந்தில் ஓஸ்லாஃபைத் தாண்டிப் பாடினான். அவன் ராஜா வித்தே இல்லை, அவன் அம்மா குதிரைக்காரனுக்குப் பெற்ற பிள்ளை என்று பேச்சைக் கிளப்பினார்கள். நிசமா பொய்யா என்று சொல்ல அவளும் உயிரோடு இல்லை. அவன் ஆண்ட வருஷத்தையும் ஹெரெபால்ட் ஆண்டதாகவே சேர்த்துவிட்டார்கள்.

அடுத்த வசந்தத்தில், ஓஸ்லாஃப் கையால் எதையாவது வாங்கியவர்கள் எல்லாரும் மேட்டுக் கூட்டத்துக்கு வரவேண்டும் என்று ஆள் வந்து சொன்னான். அப்போது பெரியம்மா மடியில் பச்சைக் குழந்தை.

"அவன் ராஜாவே இல்லேன்னா என்னை விடுவிச்சது யாரு?" என்று கேட்டாள்.

"நீ என் பொண்டாட்டி. அவ்வளவுதான்" என்றார் பெரியப்பா.

"அடிமை பெத்ததும் அடிமைதான். புள்ளையையும் சேர்த்துப் பண்ணைக்கு இழுத்துட்டுப் போவாங்க."

"கட்டி பிழியறவளுக்கு எவ்வளவு சட்டம் தெரியுது பாரு."

அவள் சிரிக்கவில்லை. "காட்டுக்குள்ள போயிரலாம்."

"காட்டுல போறவன் கொம்பு ஊதிக்கிட்டுப் போகணும்னு சட்டம். ஊதாம நடந்தா திருடன்னு வெட்டுவான். ஊதிக்கிட்டே போனா ஓடிப்போறது எப்படி? நீயே சொல்லு."

கூட்டத்துக்குப் போனார்கள். மணியக்காரன் டுன்னா, லீக்கு வெங்காயத் தண்டை மென்றபடி உட்கார்ந்திருந்தான். போன வருஷமும் ராஜா ஹெரெபால்ட்தான், வேறு ராஜா இருந்ததாகச் சொல்கிறவன் நாக்கு இருக்காது என்று முதலில் அறிவித்தான். பெரியம்மாவுக்கு முன்னால் நின்ற ஒரு ஆட்டுக்காரன், விசுவாசத்தில், "என்னை விடுவிச்சவர் ஓஸ்லாஃப்" என்றான். கயிறு போட்டு இழுத்துப் போனார்கள்.

"உன்னை விடுவிச்சது யாரு?" என்று பெரியம்மாவைக் கேட்டான் டுன்னா.

அவளுக்குப் பால் கட்டிக் கசிந்து துணி நனைந்தது, அதுகூட அவளுக்குத் தெரியவில்லை என்று அப்பா சொல்வார்.

"ராஜா, ஐயா."

"எந்த ராஜா?"

"போன வருஷத்து ராஜா."

கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். டுன்னா மெல்வதை நிறுத்தினான். போன வருஷத்து ராஜா கொடுத்த விடுதலை செல்லாது என்று சொன்னால், போன வருஷம் வேறொருவன் ராஜாவாக இருந்தான் என்று அவன் வாயாலேயே சொன்னதாகிவிடும்.

"அப்போ ராஜா ஹெரெபால்ட்தான் விடுவிச்சார்னு சாமி வளையத்துல கை வச்சு சத்தியம் பண்ணு. கூடச் சத்தியம் பண்ண யாரு இருக்கா?"

அந்த வளையத்தில் பொய்ச்சத்தியம் செய்தால் கை அழுகிவிடும். எங்கள் ஊரில் அதை நம்பாதவர் கிடையாது. பெரியப்பா எழுந்தார். அப்பாவும் எழுந்தார். மூன்று பேரும் வலது கையை வைத்துச் சொன்னார்கள்.

குழந்தையோடு வீடு வந்தார்கள். அந்தக் குழந்தையைத்தான் பிறகு உப்பு விற்கிற வேனா கட்டினான். ஆனால் சத்தியம் பண்ணின நாளிலிருந்து பெரியம்மா விடிந்ததும் முதலில் பார்ப்பது தன் வலது கையைத்தான். "இங்க பாருங்க அண்ணி, அஞ்சு விரலும் இருக்கு" என்று அப்பா வேண்டுமென்றே நீட்டுவார். அவள் முகம் வெளுத்துவிடும். நாற்சந்தி வழியாக ஒருநாளும் போகவில்லை. சேற்றில் இறங்கிச் சுற்றித்தான் போவாள்.

ஹெரெபால்ட் செத்தபோது எனக்குத் தாடி முளைத்திருந்தது. ஓஸ்லாஃபின் அண்ணன் மகன் இருக்கையில் ஏறினான். பாடகன் ஓஸ்லாஃபை மறுபடி பாட்டில் சேர்த்தான், முன்னைவிட உரக்க. அவன் வருஷம் அவனுக்கே திரும்பியது. அவன் விடுவித்தவர்களைத் தேடிப் பிடித்து அவர்களுக்கு மாடு பரிசு கொடுக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

குதிரையில் வந்தவன் நல்லவன்தான். பெரியம்மா வாசலில் பார்லி அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஓஸ்லாஃப் ராஜாதான் உங்களை விடுவிச்சாராமே. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும்."

ஆமென்றால் அன்று வளையத்தில் சொன்னது பொய். ஹெரெபால்ட் என்றால் இன்று இவன் முன்னால் குற்றம். அவள் வலது கையை மேல்துணிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"யாரும் என்னை விடுவிக்கலே, ஐயா. நான் அடிமையா இருந்ததே இல்ல."

அவன் பக்கத்தில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தான். நான், "இவங்க எங்க வீட்டு மனுஷி" என்றேன். அதில் பொய் இல்லை.

அவன் போன பிறகும் குளம்புச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி இருந்தாள். "போயிட்டானா?" என்றாள்.

"போயிட்டான், பெரியம்மா."

"வேற ராஜா வந்தா வேற ஒருத்தன் வருவான்."

இடது கையாலேயே மிச்சத்தை அரைத்து முடித்தாள்.