வளையல் மேல் கட்டிய பட்டி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு அஞ்சாவதோடு சரி. பாதி மறந்தும் போச்சு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். திருவொற்றியூரில், கடைகளுக்கு எடை மெஷின் செய்யும் சின்னக் கம்பெனியில் பத்துப் பெண்கள் வேலை செய்தோம். போர்டில் சிப்பைச் சொருகி சால்டரிங் வைப்போம். அந்தச் சிப் எங்கள் மெஷினுக்கென்றே வெளிநாட்டில் சொல்லிச் செய்தது. எடை பார்ப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாது. எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெரு முழுக்க அலைந்தாலும் இன்னொன்று கிடைக்காது. அதனால் ஒன்று செத்தாலும் சூப்பர்வைசர் எங்கள் ஆத்தா அப்பனையெல்லாம் இழுத்துத் திட்டுவான். இன்றைக்கும் அவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நம் உடம்பிலிருக்கும் மின்சாரம் பட்டாலே சிப் செத்துவிடுமாம். அதற்காக மணிக்கட்டில் ஒரு பட்டி கட்டி, அதன் ஒயரை எர்த்தில் மாட்டிக்கொள்வோம். மற்ற எல்லாரும் கண்ணாடி வளையல் மேலேயே கட்டினார்கள். பட்டி தோலில் படவேண்டும் என்று எவனும் சொல்லித் தரவில்லை. நான் புருஷன் போனவள், வெறுங்கை. என் போர்டெல்லாம் தேறியது. மற்றவர்களுடையதில் பாதி, சோதனையில் எடைக்குப் பதில் வெறும் எட்டு எட்டாகக் காட்டி நின்றது. நான் ஏதோ செய்வினை வைத்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள்.

ஒருநாள் சூப்பர்வைசர் என் கையைப் பார்த்துவிட்டுக் காரணத்தைப் பிடித்துவிட்டான். பட்டி கட்டும் கையில் வளையல் கூடாது என்றான். முனகிக்கொண்டே கழற்றினார்கள். ஒருத்தி மட்டும் கழற்றவில்லை. ஏழு மாசம். வளைகாப்பு வளையலை இரண்டு கையிலும் முழங்கை வரை அடுக்கியிருந்தாள். புருஷனுக்கு வேலை போய், அவள் சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

"புள்ள பொறந்ததும் கழட்டிர்றேன் சார்" என்றாள்.

"நீ புள்ளத்தாச்சின்னு சிப்புக்குத் தெரியுமா? கழட்டு, இல்ல வூட்டுக்குப் போ."

காலும் தோல்தானே, கணுக்காலில் கட்டட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் என்னைப் பார்த்து, "எல்லார் கையையும் உன் கை மாரி ஆக்கிட்டல்ல? இப்ப குளுகுளுன்னு கீதா உனுக்கு?" என்றாள்.

வாயை மூடிக்கொண்டேன். கூச்சத்தால் பேசவில்லை என்றுதான் வீட்டில் சொன்னேன். கூச்சம் பாதிதான். மீதி வன்மம். அவள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் என் கணுக்காலில் பட்டியைக் கட்டிக்கொண்டு வேலை செய்தேன். ஒரு சிப்பும் சாகவில்லை. சாயங்காலம் சூப்பர்வைசரிடம் காட்டினேன். "உன்னை யாரு கேட்டா?" என்றான். அவள் ஸ்டூலில் அன்று காலையிலேயே வேறொரு பெண்ணை உட்கார வைத்திருந்தான்.

காலில் கட்டுவது சரிதானா, இல்லை அன்றைக்கு மட்டும் தப்பித்ததா என்று இந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். சிப்பைப் பற்றி எழுதியதிலும் பிழை இருந்தால் திருத்துங்கள். சூப்பர்வைசரைப் பற்றி எழுதியதில் மட்டும் கை வைக்காதீர்கள்.