ஜெனிட்டாவின் புதுநன்மைக்கு மைசூர் போனது

இதை எழுத இரண்டு வருஷம் தயங்கினேன். ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோதெல்லாம் நழுவிவிட்டேன். சாட்சி என்றால் நோய் தீர்ந்ததைச் சொல்ல வேண்டும். என் மகள் ஜெனிட்டாவுக்கு அப்படி எதுவும் தீரவில்லை. ஆட்டிசம், பேச்சு வராது.

ஒன்பது வயதில், எங்கள் ஊர்க் கோவிலில் மற்றப் பிள்ளைகளோடு அவளையும் புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணை வாங்க, நிறுத்தினோம். முதல்முதலாக நாக்கில் வைத்த நற்கருணை அப்பத்தை எல்லார் முன்னாலும் துப்பிவிட்டாள். சாமியார் குனிந்து எடுத்து, அந்த இடத்தைத் தண்ணீர் விட்டுத் துடைத்தார். புரியாத பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் கடைசி பெஞ்சுதான். அவளுக்கு இல்லாத நன்மையை நானும் வாங்கவில்லை.

மைசூரில் நர்ஸாக இருக்கும் நாத்தனார் ஸ்டெல்லா, ஜெனிட்டாவின் புதுநன்மை பற்றித் தன் பங்குச் சாமியாரிடம் பேசிவிட்டு, அங்கே வரச் சொல்லிக் கூப்பிட்டாள்.

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு எங்கள் ஊர் கௌதள்ளியில் பஸ் ஏறினோம். கர்நாடக அரசு பஸ்ஸில் ஆதார் காட்டினால் பெண்களுக்குக் காசில்லை. மாதேஸ்வரன் மலையிலிருந்து இறங்கி வரும் வண்டி அது. பக்கத்தில் இருந்த அம்மாள், “பாப்பா ஏனுங்க பேசறதில்லே?” என்றார். சொன்னேன். மலைச்சாமி மாதப்பனுக்கு வேண்டிக்கொள்ளச் சொல்லிப் பிரசாத லட்டு நீட்டினார். வாங்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் பாதி லட்டு ஜெனிட்டாவின் வாய்க்குள் போய்விட்டது. அதை அவள் துப்பவில்லை. எனக்குக் கொஞ்சம் வலித்தது.

கொள்ளேகாலில் பஸ் மாறி, இன்னும் அறுபது கிலோமீட்டர். மைசூர் சேர்ந்தபோது பத்தரை. ஸ்டெல்லா வீட்டுக்கு ஆட்டோ தொண்ணூறு ரூபாய்.

மந்திரிக்காத அப்பத்தைக் கிள்ளி, மூன்று மாதமாகத் தேனில் தொட்டுக் கொடுத்துப் பழக்கியிருந்தேன். அதைப் பெருமையாகச் சொன்னேன். “அண்ணி, பீடத்துல தேன் யாரு வெப்பாங்க?” என்றாள் ஸ்டெல்லா. மூன்று மாதமும் எனக்கு அது தோன்றவேயில்லை.

ஞாயிறு காலை ஏழு மணி, தமிழ்ப் பூசை. முன்னால் போய் நின்றோம். அப்பத்தைப் பார்த்ததும் ஜெனிட்டா உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தாடைக்குக் கீழே என் கை தானாகப் போய் நின்றது. சாமியார் வற்புறுத்தவில்லை. அப்பத்தைத் திரும்ப வைத்துவிட்டு, கிண்ணத்திலிருந்து சின்னக் கரண்டியில் கொஞ்சம் திராட்சை இரசம் எடுத்தார்.

“ஜெனிட்டா, கிறிஸ்துவின் இரத்தம்.”

விழுங்கினாள். அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டு மறுபடி வாயைத் திறந்தாள்.

“அஷ்டேம்மா, அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரு தடவைதான்” என்று சிரித்தவர், என் பக்கம் திரும்பி, “நீங்க?” என்றார்.

நானும் வாங்கினேன்.

அப்பமோ இரசமோ, எதில் வாங்கினாலும் முழு ஆண்டவர்தான், திருச்சபை இதை அனுமதிக்கிறது என்று பூசைக்குப் பிறகு சொன்னார். ஐந்து வருஷம் எனக்கு இது தெரியாது. யாரிடமும் கேட்கவுமில்லை.

மதியம் இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினோம். இப்போது எங்கள் ஊர்ச் சாமியாரும் கரண்டியில் கொடுக்கிறார். திரும்பிப் பார்க்கிறவர்கள் இன்னும் பார்க்கத்தான் செய்கிறார்கள். மைசூரில் யாரும் பார்க்கவில்லை.

இப்படிப் பிள்ளை உள்ள வீடுகளுக்கு இதைச் சொல்லுங்கள். ஆனால் ஜெனிட்டா பேசிவிட்டாள் என்று மட்டும் சேர்க்காதீர்கள். அவள் பேசவில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.