வாய்ப்புண்ணுக்கு மருமகளைச் சொன்ன பூவம்மா

சிங்கப்பூரில் பிடோக் பூவம்மாவைத் தெரியாத சொந்தக்காரர் இல்லை. பள்ளிக்கூடக் கேண்டீனில் முப்பது வருஷம் இட்லி அவித்து, பிள்ளைகளைப் பசியாற வைத்தவள். அவளுக்கு ஒரே தொந்தரவு வாய்ப்புண்தான். நாக்கு ஓரத்தில் ஒன்று ஆறுமுன்னே உதட்டுக்குள் இன்னொன்று கிளம்பும். உடம்புச் சூடு என்று தானே முடிவுகட்டி, மீன், முட்டை, ஈரல் எல்லாவற்றையும் தள்ளிவைத்தாள். கஞ்சியும் பார்லித் தண்ணீருமாகக் காலம் ஓடியது.

மூன்று வருஷத்துக்கு முன் மகன் இளமாறனுக்கு வர்ஷா வாழ்க்கைப்பட்டு வந்தாள். "அவ போடுற மிளகாயில என் வாய் வெந்துபோச்சு" என்று பூன் லேயில் இருக்கும் நாத்தனார் கமலத்திடம் பூவம்மா சொல்லிவைத்தாள். கமலத்துக்குத் தெரிந்தால் சிராங்கூன் ரோடு முழுக்கத் தெரிந்த மாதிரி. ஒரு வளைகாப்பில், பந்தி நடுவே, "என்னம்மா, எங்க அண்ணியை வாயத் திறக்க விடாம பண்ணிட்டியாம்ல?" என்று கமலம் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். வர்ஷா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். பூவம்மா குனிந்து பாயசம் குடித்தாள்.

அன்றோடு வீட்டுக் குழம்பில் காரம் நின்றது. புண் நிற்கவில்லை.

போன மாதம் மின்தூக்கி வாசலில் தலை சுற்றி விழப்போன பூவம்மாவை, வர்ஷாதான் லீவு போட்டு அரசாங்கப் பாலிகிளினிக்குக்கு அழைத்துப் போனாள். ரத்தம் எடுத்தார்கள். மறுவாரம் முடிவு வந்தது. சீன டாக்டரம்மா ஆங்கிலத்தில் சொல்ல, வர்ஷா தமிழில் சொன்னாள்.

"ரத்தம் கம்மியாம் அத்தை. இரும்புச்சத்து, பி12 ரெண்டும் ரொம்ப இறங்கிப்போச்சாம். புண்ணு திரும்பத் திரும்ப வர்றதுக்கு அதுதான் காரணமா இருக்கும்ங்கிறாங்க. மீன், முட்டை எப்ப நிறுத்துனீங்கன்னு கேக்குறாங்க."

பூவம்மா சேலைத் தலைப்பைத் திருகினாள். ஊருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்லிவிடலாம். ஆனால் கேட்பவள் டாக்டர், அதை ஆங்கிலத்தில் சொல்லப்போகிறவள் வர்ஷா.

"ஏழு வருஷமாச்சு."

"புண்ணு எப்பலேருந்து அத்தை?"

"அதுக்கும் முந்தி."

வர்ஷா ஒரு நொடி அவளைப் பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள்.

மருந்துக்குக் காத்திருந்தபோது, பூவம்மா வர்ஷா காதுபடக் கமலத்துக்குப் போன் போட்டாள்.

"கமலம், என் புண்ணு வர்ஷா சமையலால இல்ல. அவ வர்றதுக்கு முந்தியே இருந்துச்சு. தெரிஞ்சேதான் சொன்னேன்."

"ஐயோ அண்ணி, இப்ப எதுக்கு இதெல்லாம் லா? நான் எல்லார்கிட்டயும் சொல்லித் தொலைச்சிட்டேனே!"

"அந்த எல்லார்கிட்டயும் இதையும் சொல்லு. பூவம்மா பொய் சொன்னான்னே சொல்லு."

பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். வர்ஷா மாத்திரைகளை வாங்கிக்கொண்டு இரண்டடி முன்னால் நடந்தாள். கொஞ்சம் நில்லும்மா என்று கூப்பிடக்கூட பூவம்மாவுக்குக் கூசியது.