ஸ்டெல்லா அக்காவின் பால் சப்பாத்து

ஈப்போவில் நான் படித்த பள்ளியின் பழைய ஓட்டக்காரர்களைக் கௌரவிக்கும் விழாவில், பரிசுச் சப்பாத்துப் பெட்டிகளைத் திறந்து அடுக்கியபோது எழுந்த புது ரப்பர் வாசம் என்னை எங்கள் ரப்பர் தோட்டத்துக்கே இழுத்துப்போனது. அங்கே பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா, போட்டி நாள் காலையில் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் மிஞ்சிய ரப்பர் பாலைச் சப்பாத்துக்குப் பதிலாக உள்ளங்காலில் பூசிக்கொண்டு, லயத்து வீட்டுப் படியில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள், கிட்டே போனால், "தொடாதீங்கலா, காயட்டும்!" என்று கத்துவாள், அந்தத் தோலோடு பள்ளித் திடலில் எல்லாரையும் முந்திவிட்டு, சாயங்காலம் அதைக் காலுறைபோல உரித்து எங்களிடம் எறிவாள், நாங்கள் அதில் ஒட்டிய புல்லையும் மணலையும் பிய்த்துக்கொண்டே தூங்கிப்போவோம்.

தோட்டம் இப்போது வரிசை வரிசையாக வீடுகள் எழுந்து தாமான் ஆகிவிட்டது. அக்கா காம்பார் பட்டணத்தில் இருப்பதாக யாரோ சொன்னதைக் கேட்டுப் பள்ளி அனுப்பிய அழைப்புக்குப் பதிலே வரவில்லை.

மேடையில் பெயர்களைக் கூப்பிடக் கூப்பிட, பிள்ளைகளும் பேரன்களும்தான் ஏறி வாங்கிக்கொண்டிருந்தார்கள். "ஸ்டெல்லா" என்றதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"வாரேன்லா, கொஞ்சம் இருங்க!"

செருப்பை நாற்காலிக்கடியில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு அக்காவே வந்துகொண்டிருந்தாள்.