இரட்டைப்படை நாளில் சூடான துண்டு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதிலும் ஒரு படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் சுள்ளென்று தலைக்கே ஏறிவிடும். அதைப் பார்த்துத்தானோ என்னவோ, பல வருடம் வார்டில் நர்ஸாக இருந்த என்னைப் பிடித்து, "ஸ்டாஃப் நர்ஸுங்களும் ஆராய்ச்சி பண்ணணும், அதுக்கு உதவி பண்றது இனிமே உங்க வேலை" என்று ஒரு சின்ன அறையில் உட்கார்த்திவிட்டார்கள். திருச்சியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் அப்படி ஒரு வேலை இருப்பது அதுவரை எனக்கே தெரியாது.

முதல் மாதம் ஒருத்தரும் அந்த அறையை எட்டிப் பார்க்கவில்லை. நானே வார்டு வார்டாகப் போய்க் கூப்பிட்டேன். "ஆராய்ச்சியா மேடம்? எங்களுக்கு டீ குடிக்கவே நேரம் இல்லீங்க" என்றார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்து வளர்ந்தவள்தான் நானும்.

இரண்டாவது மாதம் ஒரு சிஸ்டர் வந்தார். முசிறியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், என் வயதுதான், பெண்கள் வார்டில் பதினாறு வருட சர்வீஸ். கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "மேடம், ஒரு சந்தேகம். இதையெல்லாம் ஆராய்ச்சி பண்ணலாமான்னு தெரியல. சிரிக்கக் கூடாது" என்றார்.

ட்ரிப்ஸ் ஏற்றக் கையில் ஊசி செருகி வைப்பதை நாங்கள் லைன் போடுவது என்போம். பல பேருக்கு நரம்பு கண்ணுக்கே தெரியாது. இங்கே ஒரு குத்து, அங்கே ஒரு குத்து என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டும். நம் முசிறி சிஸ்டர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஃப்ளாஸ்க்கில் வெந்நீர், அதில் நனைத்துப் பிழிந்த ஒரு சின்னத் துண்டு. தன் கையில் சூடு பார்த்துவிட்டு நோயாளியின் கையில் பத்து நிமிடம் சுற்றி வைப்பார். நரம்பு மேலே எழும்பிவிடும், ஒரே குத்தில் லைன் போய்விடும். பார்த்த மற்ற சிஸ்டர்களும் அப்படியே செய்ய ஆரம்பித்திருந்தார்கள்.

"எல்லாரும் என் கைராசிங்கறாங்க மேடம். கைராசி இல்ல, துண்டுதான்னு காட்டணும். என் பிரசவத்துக்குப் போனப்ப எனக்கு ஏழு குத்து குத்தினாங்க. பிரசவ வலி மறந்துபோச்சு. அந்த ஏழு குத்து மட்டும் மறக்கல."

நான் சிரிக்கவில்லை. அந்த நிமிஷமே அவர் பெயரில் ஒரு கோப்பு திறந்துவிட்டேன்.

நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அம்மாவிடம் போனோம். வார்டில் ஃப்ளாஸ்க் இருப்பதே அவருக்குப் பிடிக்காது. "வெந்நீர் யார் மேலயாவது கொட்டிச்சுன்னா யார் பதில் சொல்றது? மூணு மாசம் டைம் தரேன். வித்தியாசம் தெரிஞ்சா துண்டு இருக்கட்டும். தெரியலைன்னா ஃப்ளாஸ்க்கை எடுத்துடணும், அப்புறம் யாரும் அதைப் பத்திப் பேசக் கூடாது" என்றார்.

திட்டம் போட்டேன். ஒற்றைப்படை தேதியில் வருகிறவர்களுக்குத் துண்டு, இரட்டைப்படை தேதியில் வருகிறவர்களுக்குத் துண்டு கிடையாது. இரண்டு பக்கமும் எத்தனை குத்து என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது, நோயாளிகளிடம் விளக்கிச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கினோம். சிஸ்டர்களுக்கு எழுத்து வேலை குறையட்டுமே என்று நான் ஒரு மேதாவித்தனம் செய்தேன். "துண்டு உண்டு" என்று மஞ்சள் தாளிலும், "துண்டு இல்லை" என்று வெள்ளைத் தாளிலும் முன்னாலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். அவர்கள் குத்துக் கணக்கை மட்டும் எழுதினால் போதும்.

மூன்று மாதத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லாமல் கட்டுக்கட்டாகத் தாள் வந்தது. எனக்கு வாயெல்லாம் பல். கம்ப்யூட்டரில் ஏற்றிக் கூட்டிப் பார்த்ததும் பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது. மஞ்சளிலும் பெரும்பாலும் ஒரே குத்து, வெள்ளையிலும் பெரும்பாலும் ஒரே குத்து.

முசிறி சிஸ்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அது துண்டு இல்லையா மேடம்? பதினாறு வருஷமா நானா நெனச்சுக்கிட்டதா?" என்று கேட்டார். திங்கட்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். ஏதோ ஆறுதல் சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் நான் வழக்கமாக வாங்கும் காய்கறிக் கடையில் வாழைப்பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெரு மாமி ஒருவர் என் தோளைத் தொட்டார். பத்து நாள் முன்னால் வாந்தி, மயக்கம் என்று எங்கள் மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தவர்.

"உங்க ஆஸ்பத்திரி நர்ஸுகள் எல்லாம் தங்கம். அன்னிக்கு ஏகாதசியோன்னோ, பச்சைத் தண்ணி பல்லுல படாம உபவாசம். மயங்கி விழுந்து அங்க வந்தா, கையில நரம்பே தெரியலைன்னுட்டா. ஊசின்னா எனக்கு நடுக்கம். நான் அழறதைப் பாத்துட்டு ஒரு பொண்ணு வெதுவெதுன்னு ஒரு துண்டைக் கொண்டுவந்து சுத்தினா பாருங்கோ, பெருமாளே வந்தா மாதிரி இருந்தது. குத்தினதே தெரியல."

எனக்குக் கேட்கவே சந்தோஷமாக இருந்தது. பை நிறையக் காயோடு வீட்டுக்கு வந்து, சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் தற்செயலாக அந்த ஏகாதசியைப் பார்த்தேன். இரட்டைப்படை தேதி.

வாழைப்பூவை அப்படியே மேடையில் போட்டேன். இரட்டைப்படை என்றால் வெள்ளைத் தாள். வெள்ளைத் தாள் என்றால் துண்டு கிடையாது. அப்புறம் மாமி கையில் எப்படி வந்தது துண்டு?

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறி நேராக வார்டுக்குப் போனேன். காவிரிப் பாலத்தில் வீசிய காற்றுகூட என் கோபத்தைத் தணிக்கவில்லை. மருந்து அறையில் சிஸ்டர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, "இரட்டைப்படை நாள்ல யாராவது துண்டு வெச்சீங்களா? உள்ளதைச் சொல்லுங்க" என்றேன்.

ஒரு சிஸ்டர், "ஒரே ஒருத்தருக்குத்தான் மேடம், சுகர்காரம்மா, பாவம்" என்றார். இன்னொருவர், "எனக்கு ஒரு நாலஞ்சு இருக்கும்" என்றார். மூன்றாவது சிஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் எல்லாருக்குமே வெச்சேன். ஃப்ளாஸ்க் பக்கத்துலயே இருக்கு, அவங்க அழறாங்க. எப்படிங்க சும்மா நிக்கிறது?" என்றார்.

"அப்ப வெள்ளைத் தாளை ஏன் நிரப்பினீங்க?"

"அன்னிக்கு வெள்ளைத் தாள்தானே மேடம் இருந்துச்சு. குத்துக் கணக்கை மட்டும் எழுதுங்கன்னீங்க. அதை உண்மையாத்தான் எழுதினோம்."

என் மேதாவித்தனம் என் தலையிலேயே வந்து விடிந்தது. துண்டு வைத்தீர்களா என்று கேட்கும் கட்டமே அந்தத் தாளில் இல்லை. பதிலை நானே அச்சடித்து வைத்திருந்தேன். இனி யாரைத் திட்டுவது?

ஓரமாக நின்றிருந்த முசிறி சிஸ்டர் முன்னால் வந்தார். "இவங்களைத் திட்டாதீங்க மேடம். மொதல்ல வெச்சது நான்தான். இரண்டாம் நாளே வெச்சுட்டேன். ஒரு புள்ளதாச்சிப் பொண்ணு, ரெண்டு குத்து ஆயிடுச்சு, மூணாவதுக்கு என் கையைப் புடிச்சுக்கிட்டா. என் ஆராய்ச்சி, என் பேரு, எல்லாம் அப்ப மறந்தே போச்சு. அவளுக்கு வெச்சப்புறம் மத்தவங்களை வைக்காதீங்கன்னு எந்த வாயால சொல்றது? இப்படி எல்லாரும் வெச்சிருப்பாங்கன்னு மட்டும் நான் நெனைக்கல."

சொந்த ஆராய்ச்சிக்கு இரண்டாம் நாளே குழி தோண்டிய ஆராய்ச்சியாளரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோபத்தை எவ்வளவோ பிடித்து வைத்துப் பார்த்தேன். சிரிப்புதான் வந்தது. நான் சிரித்ததும் மருந்து அறையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்கு சூப்பரின்டென்டென்ட் அம்மாகிட்ட நானே சொல்லிடறேன். ஃப்ளாஸ்க் போனாலும் போகட்டும். பொய்த் தாளை வெச்சுக்கிட்டு ஜெயிக்கவும் வேண்டாம், தோக்கவும் வேண்டாம்" என்றார்.

திங்கட்கிழமை சொன்னார், ஒன்றையும் மறைக்காமல். தாளில் தப்பு பண்ணியது நான் என்று நானும் சொன்னேன். சூப்பரின்டென்டென்ட் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நல்ல டோஸ் விழுந்தது, இருவருக்கும். பிறகு அவரும் ஒரு காலத்தில் லைன் போட்டவர்தானே என்று எனக்குப் படும்படி ஒரு கேள்வி கேட்டார். "துண்டு கையில இருந்தா வைக்காம இருக்க மாட்டீங்க, அப்படித்தானே? அப்ப துண்டுன்னா என்னன்னே தெரியாத வார்டுல எண்ணிப் பார்க்க வேண்டியதுதானே?"

எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று இன்றுவரை வெட்கம்தான். மேல் மாடியில் இன்னொரு பெண்கள் வார்டு இருந்தது. அங்கே துண்டும் இல்லை, ஃப்ளாஸ்க்கும் இல்லை. மறுபடி அனுமதி வாங்கி, அவர்கள் எப்போதும் போடுகிற மாதிரியே லைன் போடட்டும், குத்தை மட்டும் எழுதட்டும் என்றோம். கீழே எல்லா நாளும் எல்லாருக்கும் துண்டு. இந்த முறை தாளில் "துண்டு வைத்தீர்களா?" என்ற கட்டம் முதல் வரியிலேயே இருந்தது. மூன்று மாதம் கழித்து வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. கீழே பெரும்பாலும் ஒன்று, மேலே இரண்டும் மூன்றும்.

நர்ஸுகளுக்கான ஒரு கருத்தரங்கில் முசிறி சிஸ்டர் அதைக் கட்டுரையாகப் படித்தார். இரண்டு வார்டும் ஒன்றாகுமா என்று ஒரு பேராசிரியர் குறை சொன்னார், அது நியாயமான குறைதான். இன்னொருவர், "முதல் முறை ஏன் தோற்றது?" என்று கேட்டார்.

"நாங்க தேதி பார்க்க மறந்துட்டோம் சார், முகத்தைப் பார்த்துட்டோம்" என்றார். அரங்கு சிரித்துக் கைதட்டியது. நான் சிரிக்கவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் மேல் மாடி சிஸ்டர்கள் தங்களுக்கும் ஒரு ஃப்ளாஸ்க் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாள் கையெழுத்தாகி என் மேஜைக்கு வந்தது. ஒரு ஃப்ளாஸ்க் என்பதை அடித்துவிட்டு, மாடிக்கு ஒன்று என்று திருத்தியிருந்தார் சூப்பரின்டென்டென்ட் அம்மா. அதன் கீழே அவர் கையெழுத்திலேயே இன்னொரு வரி இருந்தது: "எல்லாத் தேதிகளிலும்."