கழுவிக் காயவைத்த குழாய்

நர்சு வேலையில் ரத்தத்துக்குப் பயப்படுகிறவர்கள் சீக்கிரம் தேறிவிடுவார்கள். கழுவி வைத்த குழாயைக் கண்டு பயப்படுகிறவர்கள் தேறவே மாட்டார்கள். அந்த இரண்டாம் ரகச் சகோதரிகளுக்காக எழுதுகிறேன். எண்பதுகளில், மெட்ராஸ் வேலையை விட்டு, பழவேற்காட்டுப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் திரும்பியிருந்தேன். இரண்டு கட்டில், சளி உறிஞ்சும் மிஷின் ஒன்று. அதுதான் எங்கள் தீவிர சிகிச்சை அறை.

உறையில் இருந்தது

அந்த மிஷினில் மாட்டித் தொண்டைக்குள் விடும் சளிக்குழாயின் உறையில், ஒரு முறைக்கு மட்டும் என்று இங்கிலீஷில் போட்டிருக்கும். நாங்களோ அதை லைசால் என்ற கிருமிநாசினியில் ஊறப்போட்டு அடுத்த கட்டிலுக்கும் போடுவோம். டாக்டரிடம் உறையைக் காட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கும் இங்கிலீஷ் தெரியும் சிஸ்டர். அடுத்த பெட்டி எப்ப வரும்னுதான் தெரியல."

ஆயாவின் சோதனை

முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து, தண்ணீர் குடித்து வந்து சேர்ந்தார் பசியாவரம் குப்பத்து மீனவர் ஏழுமலை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். அவர் சளி பச்சையாக, நாற்றமெடுத்து வந்துகொண்டிருந்தது. அவருக்குப் போட்ட குழாயை ஆயா தட்டிலிருந்து எடுத்து ஏழுமலைக்கு நீட்டினாள். சுத்தமா என்று கேட்டேன்.

"வாயில வச்சு ஊதியே பாத்துட்டேன் சிஸ்டரம்மா. காத்து ஜோரா போவுது."

வலையோடு காய்ந்தது

அப்போதைக்கு அதையே போட்டோம். அன்றிலிருந்து போட்ட குழாய்களை நானே குப்பை வாளியில் வீசினேன். மறுநாள் ஏழுமலையின் மனைவி மங்கம்மா முந்தானையில் எதையோ பொத்திக்கொண்டு வந்தாள். பிரித்தால், நான் வீசிய அதே குழாய்கள். ஏரியில் அலசி, வலையோடு வெயிலில் காயப்போட்டிருக்கிறாள். ஒன்றில் பாசி ஒட்டியிருந்தது. வாங்கித் திரும்பவும் வாளியில் போட்டேன்.

"இன்னா சிஸ்டரு, வலைய தெனமுமா தூக்கிக் கடாசுறோம்? அலசுனா ஆச்சு. எங்காளுக்கு இதையே போடு."

காலிக் கட்டில்

அன்று சாயங்காலமே ஏழுமலைக்குக் காய்ச்சல். சளியும் பச்சை, பெரியவரிடம் அடித்த அதே நாற்றம். விடிவதற்குள் பெரியவர் போய்விட்டார். மங்கம்மா அந்தக் காலிக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலைக்கண்ணில் தப்பும் பொடிமீன் மாதிரி, எவ்வளவு அலசினாலும் குழாய்க்குள் கிருமி தங்கிவிடும் என்று அவளுக்குச் சொன்னேன். அலமாரியில் மிச்சமிருந்த புது உறைகளை ஏழுமலைக்கே பிரித்தேன். ஒவ்வொன்றையும் தன் கண்முன்னால் பிரிக்கச் சொன்னாள். காய்ச்சல் மெல்ல இறங்கியது.

அவர்கள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, காலிக் கட்டிலுக்கு லைட்ஹவுஸ் குப்பத்து ஆள் ஒருவரைத் தூக்கி வந்தார்கள்; பின்னாலேயே அவர் மனைவி. அலமாரியில் புது உறை ஒன்றுமில்லை; இருப்பு தீரத் தீர, போட்டதை வீசுவதையும் நிறுத்தியிருந்தேன். ஆயா லைசால் தட்டில் கை விட்டாள். மங்கம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அது எங்காளுக்குப் போட்டதாச்சே. அந்தப் பொம்பளைகிட்ட சொல்லிட்டியா சிஸ்டரு, புருஷனுக்கு இன்னா போடப் போறன்னு?"

ஏழுமலை பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டார். அவர் குழாய்க்குத்தான் டிஸ்சார்ஜ் கிடைக்கவில்லை.